கை இறங்கும் சுரூபம்

பெட்டியின் மூடியை ஆணி பிடுங்கித் திறந்ததும் வைக்கோல் வாசம் வரும் என்று குனிந்தேன். வந்தது சுறா எண்ணெய் நாற்றம்.

கொழும்பில், பங்களா ஒன்றின் கீழ்த்தளத்தில், மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டிருந்த எனக்கு ஒரு கணம் கால் மணலில் புதைவதுபோல் இருந்தது. நான் மன்னார்த் தீவில் கீரி என்ற ஊரில் பிறந்தவன். வள்ளங்களுக்குச் சுறா எண்ணெய் பூசும் நாட்களில் எங்கள் ஊர் முழுவதும் அந்த நாற்றத்தில்தான் கிடக்கும். அதிலிருந்து தப்பவேண்டும் என்றே இங்கிலீசு படித்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, கொழும்புக்கு ரயில் ஏறியவன். அது என்னைத் தேடிப் பெட்டியில் வந்திருந்தது.

வைக்கோலை விலக்கினேன். முதலில் வலது பாதம் தெரிந்தது. பெருவிரல் தேய்ந்து, வர்ணம் போய், மரம் வழுவழுவென்று இருந்தது. அந்தப் பெருவிரலை எனக்குத் தெரியும். சின்ன வயதில் வரிசையில் நின்று முத்தமிட்ட விரல் அது.

என்னை அறியாமல் முழந்தாளிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற துரை, விழுந்த ஆணியைத் தேடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். "மெதுவாக, மெதுவாக" என்றார்.

அட்டை எழுதும் வேலை

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் துரையைத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்கிறேன். அவர் குளங்களும் வாய்க்கால்களும் கட்டி ஓய்வுபெற்ற வெள்ளைக்கார இஞ்சினியர். பங்களாவின் கீழ்த்தளம் முழுவதையும் நூதனசாலை ஆக்கி வைத்திருந்தார். கிழமையில் இரண்டு நாள் பொதுசனங்களும் வந்து பார்க்கலாம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே வைக்கும் அட்டையை இங்கிலீசிலும் தமிழிலும் எழுதுவதும், தூசி தட்டுவதும், யாராவது தொட்டால் "தொடாதையுங்கோ" என்பதும் என் உத்தியோகம். கடைசியாகச் சொன்னதில்தான் எனக்கு அதிக தேர்ச்சி.

துரைக்கு ஒரு குணம். பொருளை விடப் பொருளைச் செய்தவர்மேல்தான் அவருக்கு ஆசை. அட்டையில் செய்தவர் பெயர், ஊர், எங்கே யாரிடம் பயின்றார் என்பதெல்லாம் இருக்கவேண்டும். ஆனால் எங்கள் அலுமாரிகளில் இருந்த தந்தப் பெட்டிக்கும், வர்ணச் சீலைக்கும், செதுக்கிய கதவு நிலைக்கும் "செய்தவர்: தெரியாது" என்றுதான் எழுத முடிந்தது. ஒருநாள் துரை அலுத்துப்போய், "இந்தத் தெரியாது என்பவர் எவ்வளவு திறமைசாலி, பார்த்தாயா? இந்த நாட்டில் எல்லாவற்றையும் அவரே செய்திருக்கிறார்" என்றார். அவருக்காக நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சுட்டது.

ஆகவே, பெட்டியிலிருந்து அந்தச் சுரூபத்தை எடுத்து மேசையில் கிடத்தியதும், துரை கேட்குமுன்பே சொன்னேன். "இதைச் செய்தவரை எனக்குத் தெரியும் சேர். எங்கள் ஊர்க்காரர். பெயர் சவிரியான்."

துரையின் முகம் மலர்ந்ததை இன்றைக்கும் நினைத்தால் காண்கிறேன். அன்று பின்னேரமே அட்டை எழுதினேன். செய்தவர்: சவிரியான், கீரி, மன்னார்த் தீவு. என் ஊரின் பெயரை அட்டையில் எழுதியது அதுவே முதல் தரம். எழுத்து நன்றாக வரவேண்டும் என்று மூன்று அட்டைகளைப் பாழாக்கினேன்.

பெரிய வெள்ளி

அந்தச் சுரூபம் என்னவென்று சொல்லாவிட்டால் மேலே வாசிப்பதில் பயனில்லை.

எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று கோயில் மணி அடிக்காது. மரத்தால் செய்த ஒரு கிலுக்கியைத்தான் சுழற்றுவார்கள். பின்னேரம், பாடுகளைச் சொல்லும் பசாம் பாடி முடிந்தபின், ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்குவார்கள். ஆளுயரச் சுரூபம். வெள்ளை உடுத்த இரண்டு பேர் ஏணியில் ஏறி, முதலில் முள்முடியை எடுத்து, பிறகு வலது கை ஆணியைக் கழற்றுவார்கள்.

ஆணி கழன்றதும் அந்தக் கை கீழே இறங்கும். விழாது, இறங்கும். முதலில் மணிக்கட்டு தொய்யும். பிறகு முழங்கை. பிறகு தோளிலிருந்து கை முழுவதும் மெல்ல மெல்ல வந்து விலாவோடு சாயும். அதைப் பார்க்கும்போது கோயிலுக்குள் யாருக்கும் மூச்சு வராது. கை விலாவைத் தொட்டதும்தான் பெண்கள் வாய்விட்டு அழுவார்கள். சொந்த வீட்டுச் சாவுக்கு அழுவது போலவே அழுவார்கள். நானும் அழுதிருக்கிறேன். அது மரம் என்று தெரிந்த வயதிலும் அழுதிருக்கிறேன்.

பிறகு சுரூபத்தைத் தூம்பா என்னும் பாடையில் கிடத்துவார்கள். ஊர் வரிசையில் வந்து பாதத்தை முத்தமிடும்.

நான் கொழும்புக்கு வந்த பிறகு, கடல் கடந்து சாந்தில் வார்த்த புதுச் சுரூபம் ஒன்று ஊருக்கு வந்திருந்தது. அழகான சுரூபம் என்றார்கள். அதற்குக் கை அசையாது. பழையதில் கரையான் ஏறத் தொடங்கியிருந்ததால், அதை எரிக்கவும் மனமின்றி, புதைக்கவும் மனமின்றி, நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று பங்குச் சுவாமி துரையிடம் கொடுத்துவிட்டார். அவர் நல்லதுக்குத்தான் செய்தார்.

கரைக்காவல்

சவிரியான் அப்போது உயிருடன் இல்லை. அவர் எங்கே பயின்றார் என்று விசாரித்து வரும்படி துரை எனக்கு லீவும் ரயில் காசும் தந்தார். அட்டையை மடங்காமல் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். சவிரியானின் மனைவி மதலேனா மாமியிடம் காட்டவேண்டும் என்பது என் ஆசை.

மாமி வளவில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். வாடைக் காற்று மண்ணை அள்ளி அடித்தது. கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கினார். வாசிக்கத் தெரியாது.

"இதில எங்க தம்பி அவற்ற பேர்?"

காட்டினேன். விரலை அதன்மேல் வைத்தார். எடுக்கவே இல்லை.

"என்ர மனுசனை இந்த ஊர் என்னெண்டு கூப்பிட்டதெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். கரைக்காவல் என்பார்கள். சவிரியானுக்குக் கடல் பயம். தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்தால் அவருக்கு நடுங்கும். மீன்பிடிகாரர் ஊரில் அப்படியொரு ஆம்பிளை பிறந்தால் சனம் சும்மா விடுமா? எல்லோரும் வள்ளம் தள்ளிப் போனபின், பெண்களோடும் நாய்களோடும் கரையில் நிற்பவர் என்பதால் அந்தப் பட்டம். நாங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் சொன்னோம்.

"செத்த வீட்டிலயும் கரைக்காவல் போயிட்டான் எண்டுதான் சொன்னவை. நான் உள்ளுக்க இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்" என்றார் மாமி. "அவற்ற சொந்தப் பேர் எழுத்தில கிடக்கவேணும். நாலு பேர் வந்து பார்க்கிற இடத்தில கிடக்கவேணும். அதை நினைச்சுத்தான் தம்பி நான் இவ்வளவு நாளும் மாதாவைக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

"இனி அப்படித்தான் கிடக்கும், மாமி" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாமி அட்டையைத் திருப்பி என் கையில் தந்தார்.

"ஆனா இது பொய் தம்பி. முகம் மட்டும்தான் அவற்ற கை. உடம்பு அவர் செய்யேல்லை."

டொக்

ஊரில் எல்லோரும் முழுச் சுரூபமும் சவிரியான் செய்தது என்றே நம்பியிருந்தார்கள். கோயில் மூப்பர் ஒருவருக்கும் மாமிக்கும்தான் மற்றது தெரியும். மூப்பர் சாகும்வரை வாய் திறக்கவில்லை. மாமி அன்று என்னிடம் திறந்தார்.

அதற்கும் முந்திய காலத்தில் கோயிலில் வேறொரு சுரூபம் இருந்ததாம். அதற்கும் கை மடங்கும். ஆனால் ஆணியைக் கழற்றினால் கை டொக் என்று விழுந்து மரத்தில் அடிக்கும். ஒரு பெரிய வெள்ளியில் அந்தச் சத்தத்துக்குக் கோயிலில் யாரோ சிரித்துவிட, சிரிப்புப் பரவி, பசாம் பாடியவர்களுக்கும் பாட முடியாமல் போயிற்று. ஊர் வெட்கப்பட்டது. புதுச் சுரூபம் செய்யவேண்டும் என்று முடிவாயிற்று. மரவேலை தெரிந்தவர் சவிரியான்தான்.

கடலுக்குப் போகாத சவிரியான், தீவைவிட்டுத் தெற்கே முசலிக் கரைக்குப் போய், மறிச்சுக்கட்டியில் ஒரு முஸ்லிம் ஓடாவியிடம் வேலை செய்து வந்தார். ஓடாவி என்றால் அங்கே வள்ளம் கட்டும் தச்சர். மீராசா ஓடாவி என்றால் அந்தக் கரை முழுவதும் தெரியும்.

"அவர் இல்லாம இவரால அந்தக் கையைச் செய்யவே ஏலாது" என்றார் மாமி. "ஆனா அவையளுக்கு உருவம் செய்யிறது ஆகாதுதானே. அதால ஒருதருக்கும் சொல்லேல்லை. இப்ப நீங்கள் போய் அவரையே கேளுங்கோ தம்பி. ரெண்டு பேரையும் எழுதலாமோ எண்டு. அவர் ஓமெண்டாச் சரி."

"அவர் மாட்டன் எண்டால்?"

மாமி கருவாட்டைப் புரட்டப் போய்விட்டார்.

பலகை வெட்டியவர்

சிலாவத்துறை வரை தோணி. அங்கிருந்து மாட்டு வண்டில். வழியெல்லாம் முட்பற்றையும் வெண்மணலும். முத்துக்குளிப்பு நடந்த வருடங்களில் அந்த வெறுங்கரையில் திடீரென்று ஒரு பட்டணமே முளைக்கும் என்று வண்டில்காரர் சொன்னார். கிடுகால் கட்டிய கடைத்தெரு, கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாம் வரும். குளிப்பு முடிந்தால் மறுபடியும் மணலும் சிப்பி ஓடும்தான். நான் போனபோது சிப்பி ஓடுதான் காலில் குத்தியது.

மீராசா ஓடாவியாருக்கு அப்போதே வயது போய்விட்டது. வேப்பமர நிழலில் மரம் செதுக்கும் வாய்ச்சியைத் தீட்டிக்கொண்டிருந்தார். நான் கீரி என்றதும் தீட்டுவதை நிறுத்தினார்.

"வாங்க மகன். இரிங்க. சவிரியான்ட ஊர்."

தண்ணீர் வந்தது. பேரீச்சம்பழம் வந்தது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சுரூபம் என்ற சொல்லைச் சொன்னதும் சுற்றுமுற்றும் பார்த்தார். மருமக்கள் யாரும் பக்கத்தில் இல்லை.

"நான் சுரூபம் ஒண்டும் செய்யல்ல மகன். பலகை வெட்டினன். அவ்வளவுதான்."

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வலது கையை இந்தக் கொட்டிலில் செய்தார். இடது கையைக் கடற்கரைக் கொட்டிலில். கால்களை வேறு மாதம். உடம்பை நெடுங்கட்டையாக, தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குற்றியோடு விட்டார். ஒன்று முடிந்ததும் வள்ளத்துப் பலகைகளோடு சேர்த்துக் கட்டித் தோணியில் அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். இரண்டு துண்டுகளை அவர் ஒரே இடத்தில் வைத்ததே இல்லை. பொருத்தியது சவிரியான். குற்றியில் முகம் செதுக்கியதும் சவிரியான்.

"என்ட இடத்தில ஒரு நாளும் ஒரு உருவம் இருந்ததில்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும்."

ஒன்றோடொன்று வைத்துப் பாராமல் செய்த துண்டுகள் எப்படி அவ்வளவு சரியாகப் பொருந்தின என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்.

"நான் நம்மட பள்ளிவாசல்ல மய்யித்துக் குளிப்பாட்டுறவன் மகன். வாலிப வயசில இருந்து. ஆம்பிளை மௌத்தாப் போனா, உடம்பைக் கழுவ என்னைத்தான் கூப்பிடுவாங்க. கை எப்படி வரும், தோள் எப்படி வரும் எண்டு இந்தக் கைக்குத் தெரியும். அளவு பாக்கத் தேவையில்ல."

ஒரு முத்துக்குளிப்புக் காலத்தில் பேதி நோய் பரவிற்றாம். முத்தெடுக்க எங்கெங்கிருந்தோ வந்த முஸ்லிம் குளியாட்கள் கொட்டிலுக்குக் கொட்டில் செத்துக் கிடந்தார்கள். குளிப்பாட்ட இவர் நின்றார். தண்ணீர் அள்ளிக் கொடுக்கத்தான் ஆளில்லை. சொந்தக்காரர்களே ஓடிப் போனார்கள்.

"சவிரியான் வந்தான். கிணத்தில அள்ளி அள்ளி மறைப்புக் கிட்ட கொண்டாந்து வெச்சான். உள்ளுக்க வரமாட்டான், அது எங்கட முறை எண்டு அவனுக்குத் தெரியும். குளிப்பாட்டிக் கபன் துணி சுத்தி முகத்தைக் காட்டுற நேரம் வந்து பாப்பான். பாக்கிறதுக்கு அவங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்ல மகன். அவன்தான் எல்லார்ட முகத்தையும் பாத்தான்."

கடலுக்குப் பயந்தவர் என்று நாங்கள் கேலி செய்த மனுசன், ஊரே ஓடிய இடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டு நின்றிருக்கிறார். அது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் சொன்னதில்லை.

"அப்படிப்பட்டவன் வந்து, கோயிலுக்கு ஒரு கை செஞ்சு தாங்க எண்டு கேட்டா, நான் என்ன சொல்ற?" என்றார் ஓடாவியார்.

"அப்படியெண்டால் உங்கட பேரையும் எழுதலாம்தானே? இது மரியாதைதானே, ஓடாவியார்?" என்றேன். முட்டாள்தனமாகத்தான் கேட்டேன்.

அவர் தன் இரண்டு கைகளையும் நீட்டி எனக்குக் காட்டினார்.

"மகன், இந்தக் கையால உருவம் செஞ்சான் எண்டு எழுதிப் போட்டா, இந்தக் கையால தங்கட வாப்பாவைக் குளிப்பாட்ட விடுவாங்களா? கேக்கிறன். விடமாட்டாங்க. அவங்களைப் பிழை சொல்லவும் ஏலாது. எனக்கு வேற ஒண்டும் இல்ல. இதுதான் இருக்கு."

அந்தக் கை பெரிய வெள்ளியில் இறங்கும் விதத்தையாவது சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்தேன்.

"வேணாம் மகன்" என்று மறித்தார். "நான் பாக்கவும் இல்ல, கேக்கவும் இல்ல. அப்படியே இருக்கட்டும்."

மாமி எடுத்த முடிவு

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். சவிரியான் முகம் செய்தார் என்று மட்டும் எழுதினால், உடம்பு யார் செய்தது என்று கேள்வி வரும். சவிரியான் யாரிடம் வேலை செய்தார் என்று தீவிலும் கரையிலும் எல்லோருக்கும் தெரியும். பதிலும் தானாக வந்துவிடும். முழுவதும் சவிரியான் என்று எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. ஊர் நம்புவதும் அதைத்தான்.

கீரிக்கு வந்து மாமியிடம் அதையே சொன்னேன்.

"எழுதினபடியே விட்டிடுவம், மாமி. ஓடாவியாருக்கும் ஆபத்தில்லை. மாமாவுக்கும் பேர் வரும். யாருக்கு என்ன நட்டம்?"

மாமி கடல் பக்கம் திரும்பினார். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிற்று.

"மேல, அங்க, அவரும் ஓடாவியாரும் ஒருநாள் சந்திப்பினம்தானே தம்பி" என்றார். "நீ என்ர கையையும் உன்ர கை எண்டு எழுதிப் போட்டியே எண்டு ஓடாவியார் கேட்டா, இவர் என்ன மறுமொழி சொல்லுவார்? ஏற்கனவே இவர் பயந்த மனுசன்."

"அப்ப என்ன எழுத, மாமி?"

"மற்றதுகளுக்கு என்ன எழுதுவியள்? செய்தவர் பேர் தெரியாட்டி?"

"தெரியாது எண்டு எழுதுவம்."

"அப்ப அப்படியே எழுதுங்கோ."

நான் வாதாடினேன். எவ்வளவு காலம் மாதாவைக் கேட்டது, இப்போது கையில் வந்ததை விடலாமா என்றுகூடச் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால், அப்படிப் பேசியதற்கு அவர் என்னை அடிக்காமல் விட்டது அவருடைய பெருந்தன்மை. தலையை மட்டும் ஆட்டினார். பிறகு அட்டைக்குக் கை நீட்டினார்.

"இதை நான் வைச்சுக்கொள்ளட்டோ? உங்கட துரை ஏசமாட்டாரோ?"

கொடுத்தேன். "முகத்தைப் பற்றி ஏதும் சொல்லுவாரா மாமா?" என்று கேட்டேன். ஏதாவது கேட்கவேண்டும்போல் இருந்தது.

"அந்த முகத்தில நோவு இல்லைத்தானே. அது அப்ப இருந்த பங்குச் சுவாமிக்கு முதலில பிடிக்கேல்லை. ஆண்டவர் பாடுபட்டவர், நோவைக் காட்டு எண்டு சொன்னவராம். கழுவினாப் பிறகு நோவு இராது சுவாமி எண்டு இவர் சொன்னவராம். அதுக்கு மேல அவர் ஒண்டும் கதைக்கேல்லை."

கொழும்புக்கு வந்து புது அட்டை எழுதினேன். செய்தவர்: தெரியாது. துரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உங்கள் ஊர்க்காரர் என்றாயே?" விசாரித்ததில் அப்படி இல்லை என்று தெரிந்தது என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கும் ஏதோ விளங்கியிருக்கவேண்டும்.

ஒரு சின்னப் போத்தல்

அதன்பின் சில வருடங்கள் கழிந்தன. சனங்கள் பார்க்க வரும் நாள் ஒன்றில், வாசற்படியில் வெள்ளைத் தொப்பியோடு ஒருவர் நின்றார். மீராசா ஓடாவியார். ஹஜ்ஜுக்குக் கப்பலேறக் கொழும்புக்கு வந்திருந்தார். கூட வந்த உறவினர்களைக் கடைத்தெருவில் விட்டுவிட்டுத் தனியே விசாரித்து வந்திருக்கிறார்.

"திரும்பி வருவனோ தெரியா மகன்" என்றார். சால்வைக்குள்ளிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மூடியைத் திறக்காமலே எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது.

"தோளுக்குள்ள தோல் வெச்சிருக்கு. காஞ்சு போயிருக்கும். ஒவ்வொரு வருசமும் எண்ணெய் விடணும். சவிரியான் விடுவான். இப்ப யார் விடுற?"

அவரைச் சுரூபம் இருந்த அறைக்கு அழைத்துப் போனேன். நல்ல வேளையாக வேறு யாரும் இல்லை. அவர் வாசல் நிலைக்கு இப்பால் நின்று, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"நீங்க விடுங்க. நான் இங்க நிக்கிறன்."

எண்ணெயைத் தோள் மூட்டில் விட்டேன். ஊறும்வரை காத்து நின்றோம். பிறகு அவர் கேட்டார்: "கையைத் தூக்கி விடுங்க மகன். சத்தம் வருதா எண்டு பாப்பம்."

தூக்கினேன். விட்டேன். மணிக்கட்டு தொய்ந்தது. முழங்கை தொய்ந்தது. கை முழுவதும் மெல்ல இறங்கி விலாவில் சாய்ந்தது. ஒரு சத்தமும் இல்லை. சுவரைப் பார்த்து நின்றவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இறங்கிற்றா?"

"இறங்கிற்று, ஓடாவியார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். போகப் புறப்பட்டவர் நின்றார். இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தில நோவு இருக்கா?"

"இல்லை."

"அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.

அவர் ஹஜ்ஜுக்குப் போன இடத்திலேயே மௌத்தானார் என்று பிறகு அறிந்தேன்.

பெயர்கள்

சென்ற வாரம் ஒரு வாசகர், நான் ஏன் சிலரைப் பெயர் சொல்லாமல் விடுகிறேன் என்று கேட்டிருந்தார். இந்த முறை எல்லோருக்கும் பெயர் இருக்கிறதே என்று அவர் சந்தோஷப்படக்கூடும். ஓடாவியாருக்கும், மாமிக்கும், மாமாவுக்கும் இங்கே உள்ள பெயர்கள் நான் வைத்தவை. மறிச்சுக்கட்டி என்றதையும் அந்தக் கரையில் ஏதோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடாவியாரின் பேரன் இப்போது அதே பள்ளிவாசலில் மய்யித்துக் குளிப்பாட்டுகிறார் என்று கேள்வி. நல்ல கை என்கிறார்கள்.

துரை தன் நாட்டுக்குத் திரும்பியபோது சேகரிப்பும் கப்பலேறிற்று. சுரூபம் அங்கே எந்தக் குளிர் அறையில் கிடக்கிறதோ, அதன் தோளில் இப்போது எண்ணெய் இருக்கிறதோ, நான் அறியேன். என் அட்டையும் கூடவே இருக்கும்.

மதலேனா மாமி இறந்தபோது நான் ஊரில் நின்றேன். கையில் செபமாலை சுற்றியிருந்தார்கள். அதற்குக் கீழே, ஓரம் மழுங்கி, எண்ணெய்ப் பிசுக்கேறிய என் பழைய அட்டை இருந்தது. அது என்ன என்று யாரோ கேட்டார்கள். மாமி வைக்கச் சொன்னது, விடுங்கோ என்றாள் மகள். அவருடைய கணவரின் சரியான பெயரை நான் எழுதியது அந்த ஓர் இடத்தில்தான். அதன்மேல் பெட்டியின் மூடியை வைத்து ஆணி அடித்தார்கள்.